எம்.பி.ஏ. சேருமுன் ஓர் ஐந்தொகை

"டிகிரி முடிச்சாச்சு, சும்மா இருக்கிறதுக்கு எம்.பி.ஏ. போட்டுடலாமே" என்று வீட்டில் பேச்சு எழுந்தால், பையனோ பெண்ணோ தலையாட்டுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுக்க வேண்டும். எந்தக் கல்லூரி, அதற்கு எவ்வளவு கடன், சேருவதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்ற மூன்றும் தெரியாமல் இந்தப் படிப்பு லாபமா நட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. செட்டிநாட்டு வட்டிக்கடைகளில் வருடக் கணக்கை முடிக்கும்போது இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே எழுதி நிலவரம் பார்க்கும் ஐந்தொகை போடுவார்கள். அதையேதான் இங்கும் செய்யப் போகிறோம். ஒரே வித்தியாசம், கடையில் கணக்கு முடிவில் போடுவது. இதில் தொடக்கத்திலேயே போட வேண்டும்.

ஒரு சின்ன ஒப்பீடு. அந்தக் காலத்தில் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ வட்டிக்கடையின் கடைசிப் படியான பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறினார். சம்பளம் சிறிதாக இருந்தாலும் தொழில் கற்றுக்கொள்ளும்போதே கையில் காசு வந்தது. இப்போது கற்றுக்கொள்ளக் காசு கட்டுகிறோம், அதுவும் வட்டிக்கு வாங்கி. அதனால்தான் கணக்கு கறாராக இருக்க வேண்டும்.

செலவுப் பக்கம்

தேவகோட்டையைச் சேர்ந்த ஒரு பி.காம். பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். காரைக்குடியில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் வேலை, கையில் வருவது மாதம் 22,000. வேலையை விட்டுவிட்டு கோவையிலோ சென்னையிலோ ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாண்டு எம்.பி.ஏ. சேர நினைக்கிறார்.

கட்டணம் 7,00,000. விடுதியும் சாப்பாடும் மாதம் 10,000 வீதம் 24 மாதத்துக்கு 2,40,000. லேப்டாப், கோட்டு சூட்டு, ஊருக்கு வந்து போவது, தொழிற்சாலைச் சுற்றுலா என்று வசூலிக்கும் தொகை எல்லாம் சேர்த்து 60,000. கூட்டினால் 10 லட்சம். பெரும்பாலான வீடுகளில் கணக்கு இதோடு நின்றுவிடும். இரண்டு ஆண்டு விட்டுப்போகும் சம்பளத்தை யாரும் எழுதுவதில்லை. 22,000 வீதம் 24 மாதத்துக்கு 5,28,000. ஆகச் செலவு 15,28,000.

இனி வட்டி. கட்டணம் 7 லட்சமும் வங்கிக் கடன், வட்டி 10%, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 1,75,000 வீதம் நான்கு தவணையாக வங்கி நேரடியாகக் கல்லூரிக்குக் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த 36 மாதமும் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தவணைக்கு 52,500, இரண்டாவதற்கு 43,750, மூன்றாவதற்கு 35,000, நான்காவதற்கு 26,250. மொத்தம் 1,57,500. திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 8,57,500 ஆக நிற்கும். ஏழு ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 14,200.

படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் அசல் ஏறாது. முதல் தவணைக்கு அது மாதம் 1,458 ரூபாய்தான். இப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1% குறைக்கின்றன. கடன் கையெழுத்தாகும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரவுப் பக்கம்

கல்லூரி விளம்பரத்தில் இருப்பது சிடிசி, அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. வங்கிக் கணக்கில் விழுவது வேறு. 4.8 லட்சம் சிடிசியைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 2,40,000. அதற்கு நிறுவனம் கட்டும் பி.எஃப். 12%, 28,800. கிராஜுவிட்டிக்கு 4.81%, சுமார் 11,500. மருத்துவக் காப்பீடு 6,000. இலக்கை எட்டினால் மட்டும் வரும் வேரியபிள் பத்தில் ஒரு பங்கு, 48,000. இவ்வளவும் சிடிசிக்குள் எழுதியிருக்கும், மாதச் சம்பளத்தில் வராது. போதாததற்கு உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 28,800 பிடிப்பார்கள், தொழில் வரி போகும். மிச்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 29,500 கையில் வரும். சுருக்கமாக நினைவு வைத்துக்கொள்ள, சிடிசியில் நான்கில் மூன்று பங்குதான் கைக்கு.

29,500-இல் சென்னை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சிக்கனமாக 15,000. கடன் தவணை 14,200. மிச்சம் 300 ரூபாய்.

அதே ஆள் காரைக்குடி வேலையிலேயே இருந்திருந்தால் இரண்டு ஆண்டில் 26,000-க்கு வந்திருப்பார். வீட்டுச் சோறு, வீட்டுக்கு 5,000 கொடுத்தாலும் 21,000 மிச்சம்.

இப்போது 8 லட்சம் சிடிசி வேலை கிடைத்தது என்று வையுங்கள். கைக்கு 49,700. நகரச் செலவு 18,000, தவணை 14,200 போக 17,500 மிச்சம். வேரியபிள் முழுதாக வந்தால் மாதத்துக்கு இன்னொரு 6,600 சேரும். அப்போதுதான் ஊரில் இருந்தவரைத் தாண்டுவார். பி.எஃப். சேமிப்பும் அடுத்தடுத்த சம்பள உயர்வும் இவர் பக்கம் இருப்பதால் இரண்டு மூன்று ஆண்டில் இடைவெளி நன்றாக விரியும். எனவே எங்கள் கணிப்பு இது: கல்லூரியின் மீடியன் சிடிசி (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது) மொத்தக் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால், கடன் வாங்கி அங்கே சேரக் கூடாது. கட்டணம் 7 லட்சம், மீடியன் 4.8 லட்சம் என்றால் மேலே கண்ட 300 ரூபாய்தான் கதை.

கல்லூரி சொல்வதைச் சரிபார்ப்பது

சராசரியைக் காட்டினால் மீடியனைக் கேளுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு 4 லட்சம், ஒருவருக்கு 6, ஒருவருக்கு 22 என்றால் சராசரி 6 லட்சம். அந்தச் சம்பளத்தில் உண்மையில் இருப்பவர் ஒரே ஒருவர். மீடியன் 4 லட்சம். நீங்கள் அந்த எட்டுப் பேரில் ஒருவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மீடியனைக் கல்லூரியிடமே கேட்க வேண்டியதில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தகவலைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. முகப்புப் பக்கத்தின் அடியில் என்.ஐ.ஆர்.எஃப். என்று ஓர் இணைப்பு இருக்கும். அதில் 'மேனேஜ்மென்ட்' பிரிவுக்கான கோப்பைத் திறக்க வேண்டும். 'ஓவரால்' பிரிவில் எம்.எஸ்சி., எம்.காம். எல்லாம் கலந்து கிடக்கும். முதுநிலை இரண்டாண்டு அட்டவணையில் சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் தேறியவர்கள், வேலை பெற்றவர்கள், மீடியன் சம்பளம், மேல்படிப்புக்குப் போனவர்கள் என்று வரிசையாக எண்கள் இருக்கும்.

உதாரணத்துக்குத் தேறியவர்கள் 162, வேலை பெற்றவர்கள் 118, மேல்படிப்பு 2 என்று இருந்தால் 42 பேருக்குக் கணக்கில்லை. அதே கல்லூரி '100% பிளேஸ்மென்ட்' என்று தட்டி வைத்திருந்தால் அதுவும் ஒருவகையில் உண்மையாகவே இருக்கும். வருகைப்பதிவு குறைந்தவர்கள், ஒரு அரியர் வைத்தவர்கள், முதல் நேர்காணலை வேண்டாம் என்றவர்கள் எல்லோரையும் 'தகுதியற்றோர்' பட்டியலில் தள்ளிவிட்டு மீதிப் பேரை வைத்துச் சொல்லும் நூறு அது. மூன்று ஆண்டுக் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு நல்ல எண் வந்துவிடலாம், மூன்றாண்டும் வராது.

அடுத்து, முந்தைய மாணவர்கள் இரண்டு பேரிடம் லிங்க்ட்இன்னில் பேசுங்கள். கல்லூரி காட்டும் நட்சத்திர மாணவரை விட்டுவிட்டு நீங்களே தேடிப் பிடியுங்கள். "அண்ணே, காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "நல்லாருக்கும் தம்பி" என்ற பதில்தான் வரும். "உங்க வகுப்புல ஃபைனான்ஸ் எடுத்தவங்க எத்தனை பேர், அதுல எத்தனை பேருக்கு ஃபைனான்ஸ் வேலை கிடைச்சுது, எத்தனை பேர் காப்பீடு, கடன் விற்கிற ஃபீல்டு வேலைக்குப் போனாங்க?" என்று கேளுங்கள். வளாகத்துக்கு வரும் நிறுவனங்களில் ஒரு பகுதி 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் கொடுப்பது பி.காம். முடித்தவருக்கும் கொடுக்கிற விற்பனை வேலையை. அந்த வேலையில் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அதற்கு 15 லட்சம் செலவழிக்கத் தேவையில்லை.

அங்கீகாரத்தைப் பொறுத்தவரை தனியார் கல்லூரி என்றால் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் தளத்தில் அந்த ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். சில கல்லூரிகள் எம்.பி.ஏ.வுக்குப் பதிலாகத் தரும் பி.ஜி.டி.எம். என்பது பட்டம் அல்ல, டிப்ளமோ. தனியார் வேலைக்கு அது பெரும்பாலும் போதும், பின்னால் பிஎச்.டி., பேராசிரியர் வேலை, அரசுப் பணி என்று எண்ணமிருந்தால் எம்.பி.ஏ.வுக்கு இணை என்று பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏ.ஐ.யு.வின் சமநிலை பெற்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் தேர்வு, எந்த வழி

ஐ.ஐ.எம்.களுக்கும் வேறு பல முன்னணிக் கல்லூரிகளுக்கும் கேட் (CAT) தேர்வு. வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு நடக்கும், விண்ணப்பம் ஆகஸ்டிலேயே திறந்து செப்டம்பரில் மூடிவிடும். தீபாவளி முடிந்து யோசிக்கலாம் என்று இருந்தவர்களுக்கு அந்த ஆண்டு போச்சு. 120 நிமிடம், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 குறையும். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பகுதியைவிட ஆங்கில வாசிப்புப் பகுதிதான் பெரும்பாலும் காலை வாரும். இலக்கணப் புத்தகம் அதற்கு உதவாது. தினம் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, நான்கு வரியில் சாரத்தை எழுதிப் பழகினால் ஆறேழு மாதத்தில் வித்தியாசம் தெரியும். பக்கத்தில் இருக்கும் ஐ.ஐ.எம். 2011-இல் தொடங்கிய திருச்சி. காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். பக்கம் என்பதற்காக மதிப்பெண் வரம்பு குறையாது.

தமிழ்நாட்டுக்குள் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு. 100 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். இந்த மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு வழியாக அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் மேலே போட்ட ஐந்தொகையே தலைகீழாகிவிடும். கட்டணம் தனியாரில் ஒரு சிறு பங்குதான். காரைக்குடியில் 1985-இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே முழுநேர எம்.பி.ஏ. இருக்கிறது. வீட்டிலிருந்து போய் வந்தால் விடுதிச் செலவும் இல்லை. சென்னை நிறுவனங்களின் வளாக நேர்காணல் அளவுக்கு இங்கே எதிர்பார்க்கக் கூடாது, அதற்கேற்ப செலவும் குறைவு.

தொலைதூரக் கல்வி எம்.பி.ஏ.வை ஏளனம் செய்பவர்கள் உண்டு. எங்கள் கருத்து வேறு. ஏற்கனவே வேலையில் இருந்து, பதவி உயர்வுக்கு 'முதுநிலைப் பட்டம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருப்பவருக்கு அதுதான் மிகச் சிக்கனமான வழி. சம்பளம் ஒரு மாதம்கூட நிற்காது. அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு அந்தப் படிப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதை முடித்துவிட்டு, வேலையே இல்லாமல் புதிதாக வேலை தேடப் போனால்தான் ஏமாற்றம். வளாக நேர்காணல் என்று ஒன்று அதில் கிடையாது. பொதுத்துறை வங்கியில் இருப்பவர்கள் எம்.பி.ஏ.வுக்கு முன் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கித் தொழில் தேர்வுகள் இரண்டையும் முடிப்பது நல்லது. செலவு சொற்பம், ஊதிய உயர்வு நிச்சயம்.

பட்டம் முடித்த கையோடு சேருவதா, இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுச் சேருவதா என்பது தனிக் கேள்வி. முன்னணிக் கல்லூரிகளில் பணி அனுபவத்துக்குத் தேர்விலேயே மதிப்பெண் உண்டு. அதைவிட, அனுபவம் இல்லாதவரிடம் நிறுவனம் பயிற்சியாளர் வேலையைத்தான் நீட்டும். இரண்டு ஆண்டு கிடங்குக் கணக்கோ கடன் வசூலோ பார்த்தவர் நேர்காணலில் சொல்வதற்கு விஷயம் வைத்திருப்பார். இடைத்தரக் கல்லூரியில்தான் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

கடன்: வீடு பெரிது, பங்கு சிறிது

4 லட்சம் வரை ஈடு கேட்கமாட்டார்கள். 7.5 லட்சம் வரையும் அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் ஈடில்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. 2024-இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்லூரிகளில் சேருபவர்களுக்கு ஈடோ ஜாமீனோ தேவையில்லை. ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு 10 லட்சம் வரையான கடனில் தவணை விடுமுறைக் காலத்து வட்டியில் 3% மானியமும் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

பட்டியலில் இல்லை, தொகையும் 7.5 லட்சத்தைத் தாண்டுகிறது என்றால் ஈடு கேட்பார்கள். இங்கேதான் செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல். தெருவை அடைத்து வீடு நிற்கும், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று பின் தெரு வரை ஓடும். ஆனால் அது மூன்று நான்கு தலைமுறையாகப் பிரிக்காத பொதுச்சொத்து. உங்கள் அப்பச்சியின் (அப்பாவின்) பங்கு 48-இல் ஒன்றாக இருக்கலாம், மற்ற பங்காளிகள் கோலாலம்பூரிலும் ஹூஸ்டனிலும் இருப்பார்கள். எல்லோரும் கையெழுத்துப் போடாமல் வங்கி வழக்கறிஞர் அதை ஈடாக ஏற்கச் சொல்லமாட்டார். அந்த வீட்டை நம்பிக் கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டு ஜூலையில் வங்கிக்குப் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஜனவரியிலேயே தனிப்பெயரில் உள்ள மனை, நிலம், வைப்பு நிதி எது என்று பார்த்து மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எடுத்து வையுங்கள்.

இன்னொரு தடை, உடன் கடன்தாரராகக் கையெழுத்திடும் பெற்றோரின் சிபில், அதாவது கடன் வரலாற்று அறிக்கை. பழைய நகைக்கடனில் ஏலத்துக்குப் போன ஒரு வளையல்கூட அதில் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை எடுக்கலாம், விண்ணப்பிப்பதற்கு மூன்று மாதம் முன் எடுத்துப் பாருங்கள். கல்விக் கடன் இழுத்தடிக்கிறது என்று ஆச்சியின் நகையை வைத்துக் கட்டணம் கட்டுபவர்களும் உண்டு. நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டில் திருப்ப வேண்டியது, படிப்போ இரண்டாண்டு. முதல் தவணைக்கு மட்டும் என்றால் சரி, முழுப் படிப்புக்கும் அது ஆகாது.

கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிச் சலுகை உண்டு என்று வங்கியில் சொல்வார்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. புதிய முறையில் கிடையாது, எனவே ஐந்தொகையில் அதை வரவாக எழுத வேண்டாம்.

கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு

ஆத்தங்குடி தரைக்கல் பட்டறை, பலகாரக் கடை, அரிசி ஆலை, கண்டாங்கிச் சேலை வியாபாரம், பழைய வீட்டை விடுதியாக மாற்றியவர்கள் என்று குடும்பத் தொழிலுக்குத் திரும்பப் போகிறவர்களுக்குச் சம்பளக் கணக்கே பொருந்தாது. தொழிலில் எது தெரியவில்லை என்பதை எழுதுங்கள். ஜி.எஸ்.டி. தாக்கலும் டேலி கணக்கு மென்பொருளும்தான் தெரியவில்லை என்றால் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தால் போதும். அடக்கவிலை தெரியவில்லை என்றாலும் அப்படித்தான்: மாவு, எண்ணெய், எரிவாயு எழுதிவிட்டு, வீட்டுப் பெண்கள் முறுக்குச் சுற்றும் கூலியையும் நமுத்துப்போய்த் திரும்பி வரும் பாக்கெட்டையும் எழுதாமல் கிலோ விலை வைக்கும் கடைகள் நிறைய. அதைத் திருத்த இரண்டாண்டுப் படிப்பு வேண்டாம்.

இரண்டாவது ஊரில் கிளை, ஏற்றுமதி, வெளியாள் முதலீடு என்று தொழிலைப் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் படிப்பு உதவும். அப்போது முழுநேரப் படிப்பைவிடக் குடும்பத் தொழிலுக்கென்றே நடத்தும் படிப்புகளைப் பாருங்கள். மும்பை எஸ்.பி. ஜெயின் நிறுவனத்தில் மாதத்தில் ஒரு வாரம் வகுப்பு, மீதி நாள் சொந்தக் கடையில். படித்ததை அடுத்த வாரமே கல்லாவில் சோதித்துப் பார்க்கலாம். கட்டணம் அதிகம்தான், ஆனால் கடைக்கு ஆள் இல்லாமல் போகாது.

சிங்கப்பூர் எண்ணம் இருந்தால்

அங்கே உறவினர் இருப்பது தங்கிக்கொள்ள உதவும், விசாவுக்கு உதவாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி, நிதித் துறையில் 6,200. வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். அதற்கு மேல் காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். படிப்புக்கான கட்டத்தில் அவர்கள் உயர்ந்ததாகப் பட்டியலிட்ட பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு 20 புள்ளி, மற்ற பட்டங்களுக்கு 10. ஆக, எம்.பி.ஏ. என்ற எழுத்துகளுக்குத் தனி மதிப்பில்லை. கல்லூரிப் பெயருக்கும் நீங்கள் வாங்கப்போகும் சம்பளத்துக்கும்தான் மதிப்பு. அந்தச் சம்பளம் தர ஒரு நிறுவனம் முன்வர, படிப்புக்கு முன் மூன்று நான்கு ஆண்டு வேலை பார்த்திருப்பது பெரிதும் கைகொடுக்கும்.

பணம் கட்டும் நாளில்

கட்டணத்தை ரொக்கமாகக் கட்டாதீர்கள். 'நன்கொடை' என்று ரசீதில்லாமல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், வங்கி அந்தத் தொகைக்குக் கடன் தராது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ள யு.ஜி.சி. விதியில் இடமில்லை. சரிபார்த்த அன்றே கையோடு திருப்பி வாங்குங்கள். வேறு கல்லூரியில் இடம் கிடைத்து விலகும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அங்கே மாட்டிக்கொண்டிருந்தால் கட்டணம் திரும்பப் பெறுவது பேரமாகிவிடும். விலகுவதாக இருந்தால் கடிதத்தோடு மின்னஞ்சலும் அனுப்புங்கள். எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது நீங்கள் விலகிய தேதியைப் பொறுத்தது, அந்தத் தேதிக்கு மின்னஞ்சல்தான் சாட்சி.